மல்லாட்டை மண்டித் தராசும் பதினேழாம் எண் வண்டியும்

போன மாதம் நம் பைக் பந்தயச் சங்கத்தின் வண்டிச் சோதனையாளர் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் எல்லோரும் செங்கம் ரோட்டில் டீ குடிக்க நின்றோம். அப்போது உங்களில் ஒருவர், பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன், கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"ரூல்ஸ் ஜாஸ்தியாயி பைக் ரேஸ்ல கிக்கே போயிடுச்சு சார். எல்லாருக்கும் ஒரே டயரு, இன்ஜினுக்கு சீலு, ஆளையும் வண்டியையும் சேத்து எட. ரேஸ் பாக்கற மாதிரியே இல்ல, ரேஷன் கட க்யூவுல நிக்கற மாதிரி இருக்குது."

இன்னொருவர் உடனே ஒத்து ஊதினார். "காலைல மொத வேலையா அந்த இரும்புத் தட்டத் தூக்கித் தராசுல வெக்கணும். இருவத்தஞ்சி கிலோ சார். முதுகு போவுது. என்னாத்துக்கு இதெல்லாம்?"

அன்று நான் கோபத்தில் டீயை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது மனம் புண்பட்டால் சந்தோஷம்.

இருபத்திரண்டு வருடம் நான் பந்தய வண்டிகளைச் சோதித்தவன். அதற்கு முன்னால் இதே திருவண்ணாமலையில் மெக்கானிக். நீங்கள் இப்போது செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். பந்தயத்துக்கு முன் வண்டியைப் பார்ப்பது, பின் மறுபடி பார்ப்பது, விதிக்கு உட்படாததை வெளியே அனுப்புவது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு குண்டு மனிதர். காலையில் தராசை இறக்கியதும் முதல் ஆளாக அவரே அதில் ஏறி நிற்பார். முள்ளைப் பார்ப்பார், தலையாட்டுவார், இறங்குவார். தொப்பை குறைந்ததா என்று பார்க்கிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் போன பிறகு அந்தப் பழக்கமும் போயிற்று. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் உங்கள் கிக்குக்கு வருகிறேன். விதி இல்லாத காலத்துக் கிக்கை நான் கண்ணால் பார்த்தவன். எவனிடம் வெளிநாட்டு டயர் இருக்கிறதோ அவன் முதல் சுற்றிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுவான். மீதிச் சுற்றுகளில் ஜனங்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துத் தின்றுகொண்டு, "முடிஞ்சிதா, இன்னும் இருக்குதா" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். எடைக்கு வரம்பு கிடையாது. அதனால் ஒல்லி ஆளாகத் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றுவார்கள். ஏறுகிறவன் மூன்று நாள் சோறு தின்றிருக்க மாட்டான். அப்படிப் பட்டினி கிடந்த ஒருவன் வளைவில் கண் இருட்டி விழுந்ததை நானே போய்த் தூக்கினேன். தூக்கும்போது அவன் எடையே இல்லாமல் இருந்தது எனக்கு இன்னும் கையில் நிற்கிறது. அதைக் கிக் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

உலகப் பந்தயத்தை டிவியில் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்பதும் தெரியும். அங்கே வண்டிகளுக்கு இறக்கை முளைத்தது. வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்துகிற கருவி வந்தது. முன்னால் போகிறவன் கலைத்துவிட்ட காற்றில் பின்னால் வருகிறவனுக்கு நெருங்கவே முடியவில்லை, முந்துவது குறைந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விதி ஜாஸ்தியானதால் வந்ததா? வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் யாரும் சொல்லாததால் வந்தது. இப்போது அந்தக் கருவிகளைக் கழற்றச் சொல்லி விதி எழுதுகிறார்கள். நாளைக்கு அதையும் திட்டுவீர்கள்.

எல்லா விதியும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. சத்தத்தைக் குறைக்கும் விதி வந்தபோது நானே ஒரு வருடம் முணுமுணுத்தேன். அந்த உறுமலைக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஆனால் சத்தம் குறைந்ததால் ஒருவன் இன்னொருவனை முந்துவது குறையவில்லை. காது கொஞ்சம் பிழைத்தது, அவ்வளவுதான்.

இனி அந்த இரும்புத் தட்டுக்கு வருகிறேன்.

ஆளையும் வண்டியையும் சேர்த்து இருநூறு கிலோவுக்குக் குறையக்கூடாது என்ற விதி நம் சங்கத்தில் வந்த இரண்டாவது வருடம். கீழ்பென்னாத்தூரில் மண் பாதைப் பந்தயம். மல்லாட்டை பிடுங்கி முடித்த நிலத்தை உருளை போட்டுப் பாதையாக்கியிருந்தோம். அதில் முதலாவதாக வருகிறவருக்கு, அடுத்த வருடம் வெளி மாநிலங்களுக்குப் போகும் அணியில் ஓர் இடம் உண்டு.

அந்த இடத்துக்குத்தான் சாதிக் வந்திருந்தான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் அண்ணனோடு சேர்ந்து நடத்துகிற லேத் பட்டறை. ஆள் ஆஜானுபாகு, எண்பத்தெட்டு கிலோ. பழைய விதியில் அவன் ஓட்டிய ஒன்பது வருடமும் நேர்ப்பாதையில் ஒல்லி ஆட்கள் அவனைத் தாண்டிப் போவார்கள், வளைவுகளில் அவன் பிடிப்பான், மறுபடி நேர்ப்பாதையில் விடுவான். ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை. புது விதி வந்ததும் பட்டறையில் உட்கார்ந்து வண்டியைக் கிராம் கிராமாக இளைக்க வைத்தான். அச்சைக் குடைந்தான், போல்ட்டுகளைக் கடைந்தான். ஒல்லி ஆட்களோ இருநூறைத் தொடுவதற்கு வண்டியில் ஈயத்தைக் கட்டினார்கள். அன்று காலை எங்கள் சங்கத்துத் தராசில் சாதிக்கும் அவனுடைய பதினேழாம் எண் வண்டியும் சேர்ந்து இருநூற்று இரண்டு கிலோ.

"அண்ணன் இந்த வருஷத்தோட போதும்னு சொல்லிட்டாரு சார்" என்றான் தராசிலிருந்து இறங்கும்போது. "பட்டறைக்கு ஆள் பத்தல. இன்னிக்கி ஜெயிச்சா மட்டும் இன்னும் ஒரு வருஷம் உடறேன்னாரு."

பந்தயத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஆனால் கிக் என்று பேசியதால் இதை மட்டும் எழுதுகிறேன். பிரகாஷ் என்று உள்ளூர்ப் பிள்ளை ஒருவன், நிலக்காரக் குடும்பம், ஐம்பத்தாறு கிலோ, நல்ல ஓட்டக்காரன். அவனும் சாதிக்கும் எட்டாவது சுற்றிலிருந்து ஒட்டிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் மட்டும் நான்கு தடவை இடம் மாறியது. டிராக்டர் டிரைலர் மேல் உட்கார்ந்து "யோவ், குந்துய்யா, மறைக்குது" என்று கத்தியவர்கள், அடுத்த நொடி அவர்களே எழுந்து நின்றார்கள். கடைசி வளைவில் பிரகாஷ் உள்பக்கத்தை மூடினான். சாதிக் வெளிப்பக்கமாக, தளர்ந்த மண்ணில், பின்சக்கரம் விலகி விலகி வர, அவனைச் சுற்றிக்கொண்டு வந்து அரைச் சக்கர நீளத்தில் ஜெயித்தான். இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த முடிவுகளில் அதுதான் முதலிடம். எடை விதி இல்லாவிட்டால் அந்த இரண்டு பேரும் ஒரே சட்டகத்துக்குள் வந்திருக்கவே மாட்டார்கள்.

முடிந்ததும் எடை போட வேண்டும். அங்கேதான் கோளாறு. புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் டேங்கர் லாரி எங்கள் தராசின் எடை காட்டும் பெட்டி மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. பெட்டி செத்துவிட்டது. ஜனம் கத்துகிறது, மேடையில் சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மல்லாட்டை மண்டி. அங்கேயிருந்து ஒரு பெரிய தராசை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சமமான இடத்தில் வைத்தேன். நீர்மட்டம் பார்த்தேன். வெறும் தட்டில் பூஜ்யம் காட்டியது. பூஜ்யத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்தேன்.

பிரகாஷ், இருநூறு கிலோ அறுநூறு கிராம். அவன் எப்போதும் ஈயத்தைத் தாராளமாகவே கட்டுவான்.

சாதிக், நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

"காலைல ரெண்டு கிலோ மேல இருந்ததே சார்?" என்றான். ஹெல்மெட்டைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"பெட்ரோல் எரிஞ்சிருக்குது, வேர்வ போயிருக்குது. இந்த வெயில்ல எறங்கத்தான் எறங்கும்" என்றேன்.

மூன்று கிலோ, ஒரு பந்தயத்தில் இறங்குவதற்கு அது ஜாஸ்தி. என் மூளைக்குள் ஏதோ ஒன்று கதவைத் தட்டியது. உண்மையைச் சொல்கிறேன், தட்டியது. பின்னால் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. தகுதி இழப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முடிவை எதிர்த்து எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் உண்டு என்று, விதிப்படி, அவனிடம் சொன்னேன்.

அவன் என்னையே பார்த்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பத்து நிமிடத்தில் அதை மினி வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். பிரகாஷுக்குக் கோப்பை கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள்.

தராசைத் திருப்பிக் கொடுக்க நானே மண்டிக்குப் போனேன். அங்கே மூட்டையோடு காத்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் சார், அந்த தாட்டியான ஆளத் தோக்கடிச்சது இந்தத் தராசா? இது ரெண்டு கிலோ கம்மியாத்தான காட்டும்!"

எடை போடுகிறவர் இதில் மறைக்க ஒன்றும் இல்லை என்கிற மாதிரி விளக்கினார். "சாக்குக்கும் மண்ணுக்கும் மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கறது சார். ஒவ்வொரு தபாவும் கழிச்சி எழுதறது வேலன்னு மெக்கானிக்க வெச்சி செட் பண்ணிட்டோம். சும்மா இருந்தா சைபர் காட்டும். மூட்ட ஏறுனா தானா கழிச்சிக்கும். ஊருக்கே தெரியுமே, நீங்க கேக்கலியே?"

ஊருக்கே தெரியும். என் அப்பா வருடா வருடம் மண்டியில் மல்லாட்டை போட்டவர். சாக்குக்குக் கழிக்கிற வழக்கத்தைப் பற்றி அவர் வீட்டுக்கு வந்து திட்டாத அறுவடையே கிடையாது. இந்த மாவட்டத்தில் பிறந்து, அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த நான், மண்டித் தராசில் மனிதனை ஏற்றி எடை போட்டேன்.

தராசின் மேல் ஏறி நின்றேன். எழுபத்தொன்று. வீட்டில் என் எடை எழுபத்துமூன்று. இறங்கியபோது அந்தக் குண்டு மனிதர் ஞாபகம் வந்தது. அவர் தொப்பையைப் பார்க்கவில்லை, தன் உடம்பை வைத்துத் தராசைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த எடை ஒன்றே ஒன்றுதான் எப்போதும் கையோடு இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மைதானத்துக்கு ஓடினேன். போட்டித் தலைவர் சென்னைக்காரர், கெட்டவர் இல்லை. அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பக்கத்து உரக்கடையிலிருந்து சீல் பிரிக்காத யூரியா மூட்டை ஒன்றை வாங்கி வந்து தட்டில் வைத்தேன். மூட்டை மேல் நாற்பத்தைந்து கிலோ என்று அச்சடித்திருக்கிறது. தராசு நாற்பத்துமூன்று என்றது.

"சாதிக் எட இருநூத்தி ஒண்ணு சார். அவன்தான் ஜெயிச்சான். தப்பு என்னுது" என்றேன்.

அவர் மூட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தெட்டு நிமிஷம் ஆயிடுச்சு. அரை மணிக்குள்ள ஓட்டுனவர் எழுதிக் குடுத்திருக்கணும். அவர் குடுக்கல. ரூல் உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

"அப்ப கமிட்டிக்கு லெட்டர் போடுங்க. இப்ப தயவு செஞ்சி மைக் பக்கம் போவாதீங்க. சங்கத்து மானம் போயிடும்."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் சொன்னது சரி. அரை மணி விதியை நானே பத்துப் பேருக்கு எதிராகக் காட்டியிருக்கிறேன். இன்று என் தப்பு என்பதற்காக அதைக் கிழித்துப் போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் வாயை மூடிக்கொள் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. மேடையில் ஏறி மைக்கை எடுத்தேன்.

"நான்தான் எட போட்டவன். நான் கொண்டாந்த தராசு ரெண்டு கிலோ கம்மி காட்டுது. பதினேழாம் நம்பர் வண்டி சரியான எடையிலதான் இருந்துச்சு. பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும், நீங்க கண்ணால பாத்ததுதான் நெசம்."

யாரோ என்னைத் திட்டினார்கள், யாரோ கை தட்டினார்கள். பிரகாஷ் மாலையும் கோப்பையுமாக என் எதிரில் வந்து நின்றான்.

"இப்ப நான் என்ன சார் பண்றது?"

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலப்பா. எடுத்துக்கினு போ."

"கடைசி வளைவுல அவரு என்ன சுத்திக்கினு போனத நான் பாத்தேன் சார்" என்றான். கோப்பையை எடுத்துக்கொண்டுதான் போனான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் வயதில் நானும் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

அன்று சாயங்காலமே சாதிக்கின் பட்டறைக்குப் போனேன். வண்டியை ஓரமாக நிறுத்தி மேலே தார்ப்பாய் போட்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். "அர மணி நேரம் இருந்துச்சே, ஏன்டா எழுதிக் குடுக்கல? காலைல பாத்த எட உனக்குத் தெரியுமில்ல?"

"உங்க மேல எழுதிக் குடுக்கறதா சார்?" என்றான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பட்டறை வாசலில் அவன் அண்ணன் முன்னால் அழுதேன். அவர் எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

கமிட்டி முடிவை மாற்றவில்லை. சாதிக்கின் ஓட்டம் அந்த வருடத்தோடு நின்றது. நான் விடவில்லை. ஒரு வருடம் கடிதம் எழுதினேன், கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றேன், சிலர் என்னைப் பார்த்ததும் பாத்ரூமுக்குப் போனார்கள். கடைசியில் இரண்டு விதி எழுத வைத்தேன். ஒன்று, எந்தத் தராசாக இருந்தாலும் முதலில் சரியான எடைக்கல்லை வைத்துப் பார்த்த பிறகே ஆளை ஏற்ற வேண்டும். இரண்டு, தப்பு அதிகாரியுடையது என்றால் அரை மணிக் கெடு கிடையாது. இரண்டும் நிறைவேறிய அடுத்த பந்தயத்துக்குப் பணிப் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. மைக்கை எடுத்ததற்கான பதில் அது. அதற்கடுத்த பட்டியலிலும் இல்லை. உங்கள் அழைப்பிதழில் 'ஓய்வு பெற்ற' என்று போட்டிருந்தீர்கள். நான் பெறவில்லை, கொடுத்தார்கள்.

எனவே விதியால் பந்தயம் கெட்டது என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பந்தயத்தை ஒரு விதிதான் கொடுத்தது. அதைக் கெடுத்தது விதி இல்லை, நான். கெட்டதைச் சரிசெய்ய இன்னொரு விதி வேண்டியிருந்தது. விதி தப்பாக இருந்தால் எழுந்து நின்று சண்டை போட்டு மாற்றுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். டீக்கடையில் சலித்துக்கொள்ளாதீர்கள்.

புது விதி வந்ததும் எடைக்கல் எங்கே வாங்குவது என்று சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் சொன்னார்களோ தெரியாது, ஒரு நாள் காலை சாதிக் வேங்கிக்காலில் என் வீட்டு வாசலில் வந்து ஆட்டோவை நிறுத்தினான். வட்டமாகக் கடைந்து பிடி வைத்த ஓர் இரும்புத் தட்டை இரண்டு கையாலும் இறக்கி என் காலடியில் வைத்தான். எடையளவு அலுவலகத்தில் சோதித்து முத்திரையும் வாங்கியிருந்தான்.

"சரியா இருவத்தஞ்சி சார். கடஞ்சி கடஞ்சி கொண்டாந்தேன். இனிமே ஒருத்தனும் உங்கள நம்பத் தேவயில்ல, இத நம்புனா போதும்" என்று சொல்லிச் சிரித்தான்.

நாளைக் காலை அதைத் தூக்கும்போது அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். 17 என்று வெட்டியிருக்கும். உங்கள் பதிவேட்டில் யாரோ அதைப் பொருளின் வரிசை எண் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் அந்த வரியை அடியுங்கள். அப்புறம் தட்டைத் தராசில் வைத்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று எனக்குப் போன் பண்ணுங்கள்.